எஸ்எம்பிஎஸ் மாற்றப் போகிறீர்களா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேறு எதற்கோ பதில் எழுதும்போது, "எஸ்எம்பிஎஸ் மாற்றினால் வாட் எண்ணைக் கடைசியாகப் பாருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, இந்த முறை முழுக்க அதுதான். எஸ்எம்பிஎஸ் என்றால் சுவர் மின்சாரத்தை வாங்கி, கம்ப்யூட்டருக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பவர் சப்ளை யூனிட். ஆரம்பிக்கும் முன் ஒன்று: உங்களில் பாதிப் பேர் முழுப் பெட்டியையும் சிபியூ என்றே எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்துவிடுகிறது, ஆனாலும் இந்தப் பக்கத்தில் சிபியூ என்றால் உள்ளே இருக்கிற புராசஸர் மட்டும்தான். பெட்டிக்குப் பெயர் கேபினட்.

கேள்வி: என் கம்ப்யூட்டரில் இருந்த 300 வாட் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. கையில் கிடைத்திருப்பது 550 வாட். இதை மாட்டினால் கரன்ட் அதிகமாகப் பாய்ந்து மதர்போர்டு கருகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா சார்?

பதில்: கருகாது. எவ்வளவு கரன்ட் வேண்டும் என்று முடிவு செய்வது மதர்போர்டும் அதில் மாட்டியிருக்கிற பொருள்களும்தான், எஸ்எம்பிஎஸ் தானாக எதையும் உள்ளே தள்ளுவதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வேலை 12, 5, 3.3 வோல்ட்டை ஆடாமல் அசையாமல் பிடித்து வைத்திருப்பது. 550 வாட் என்பது அதால் அதிகபட்சம் எவ்வளவு தாக்குப்பிடிக்க முடியும் என்பதற்கான கணக்கு. உங்கள் கம்ப்யூட்டர் 120 வாட் கேட்டால் 300 வாட் யூனிட்டும் 120 கொடுக்கும், 550 வாட் யூனிட்டும் 120தான் கொடுக்கும். மின்கட்டணம் இருமடங்காகிவிடும் என்பதும் இதே ரகக் கதைதான்.

ஆனால் வாட் ஒத்துப்போனால் எல்லாம் ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பழைய யூனிட்டைக் கழற்றி மேஜையில் வைத்து முதலில் அதன் வடிவத்தைப் பாருங்கள், அப்புறம் அதிலிருந்து வரும் ஒவ்வொரு பிளக்கையும் பாருங்கள், அப்புறம் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மொத்த வாட் அநேகமாகத் தானே சரியாகிவிடும். கழற்றுவதற்கு முன் எது எதில் மாட்டியிருந்தது என்று மொபைலில் நாலு போட்டோ எடுத்துவிடுங்கள். எனக்கு எல்லாம் நினைவிருக்கும் என்று ஆரம்பித்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இரண்டு எஸ்எம்பிஎஸ், இரண்டிலும் 500 வாட் என்றுதான் எழுதியிருக்கிறது. ஒன்று நல்ல கனம், இன்னொன்று டப்பா மாதிரி லேசாக இருக்கிறது. கனத்தை வைத்து வாங்கலாமா?

பதில்: கனம் ஒரு துப்பு, அவ்வளவுதான். உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கெப்பாசிட்டர், ஹீட்சிங்க் எல்லாம் இருந்தால் கனக்கும். அதே சமயம் புது டிசைன்களில் நல்ல யூனிட்டே லேசாக வருவதும் உண்டு. தராசைவிட லேபிள் நம்பகமானது, அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

லேபிளில் கட்டம் கட்டமாக 3.3, 5, 12, மைனஸ் 12, அப்புறம் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வருகிற மின்சாரம்) என்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், பள்ளிக்கூடக் கணக்கு. இன்றைய கம்ப்யூட்டரில் புராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, ஃபேன், ஹார்ட் டிஸ்க் மோட்டார் என்று தின்கிறவை எல்லாம் தின்பது 12 வோல்ட்டிலிருந்துதான். ஆகவே ஒரு யூனிட்டில் 12 வோல்ட்டுக்கு 41 ஆம்பியர் போட்டிருந்தால் 492 வாட். அதற்கு 500 வாட் என்று சொல்லிக்கொள்ள முழுத் தகுதி உண்டு. இன்னொன்றில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர் மட்டும் போட்டு, 5 வோல்ட்டுக்கு 30, 3.3 வோல்ட்டுக்கு 28 என்று அள்ளித் தெளித்திருந்தால், உங்களுக்கு உண்மையில் உபயோகப்படப் போவது 216 வாட். மீதி எல்லாம் இன்றைய மதர்போர்டு பெரிதாகக் கேட்காத இடத்தில் சும்மா கிடக்கும் சக்தி. மேலே ஒட்டியிருக்கும் 500 பொய்யில்லை என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் உங்களுக்கு அது 500 இல்லை.

சிலதில் 12வி1, 12வி2 என்று இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 18 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். உடனே 36 என்று கூட்டிவிடாதீர்கள். கீழே கூட்டு அளவு என்று தனியாக ஒரு வாட் எண் இருக்கும், அதை 12-ஆல் வகுங்கள், அதுதான் நிஜம். அந்தக் கூட்டு அளவே லேபிளில் இல்லையா? அப்படிப்பட்ட யூனிட்டை நான் தொட மாட்டேன். பீக் என்று போட்டு ஒரு பெரிய எண் கொடுத்திருந்தால் அதையும் ஒதுக்கிவிடுங்கள், தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு எது என்பதே கேள்வி.

கேள்வி: அலுவலகத்திலிருந்து வந்த பழைய பிராண்டட் டெஸ்க்டாப். எஸ்எம்பிஎஸ் வாங்கி வந்தேன், கேபினட்டில் உட்காரவும் இல்லை, மதர்போர்டில் அந்தப் பெரிய பிளக்குக்கு இடமும் இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: நீங்கள் ஏமாறவில்லை, அந்த டெஸ்க்டாப் செய்தவர்கள் தனி வழியில் போயிருக்கிறார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது ஏடிஎக்ஸ் என்கிற அளவு. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த முறை அது. அகலம் 150 மில்லிமீட்டர், உயரம் 86, நீளம் மட்டும் 140-இல் ஆரம்பித்து யூனிட்டுக்கு யூனிட் கூடும். சின்ன கேபினட்டுகளில் வருவது எஸ்எஃப்எக்ஸ், அது 125க்கு 63.5, நீளம் 100. அலுவலகங்களில் படுக்கைவாட்டில் கிடக்கும் ஒல்லிப் பெட்டிகளில் பெரும்பாலும் டிஎஃப்எக்ஸ் என்கிற நீளமான யூனிட் இருக்கும், 85க்கு 65, நீளம் 175. பழையதை ஸ்கேலால் அளந்தாலே எது என்று தெரிந்துவிடும். இந்த மூன்றிலும் அடங்காத அளவு வந்தால், அது பெரும்பாலும் அந்த நிறுவனமே தனக்கென்று செய்துகொண்டது.

பிளக் விஷயம் இன்னும் சிக்கல். டெல், எச்பி, லெனோவோ மூவருமே தங்கள் அலுவலக மாடல்கள் பலவற்றில் வழக்கமான 24 பின் (உலோக முனை) பிளக்கை விட்டுவிட்டு 6, 8, 10, 14 பின் என்று சொந்த பிளக்குகளுக்குப் போய்விட்டார்கள். எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் மட்டும் கொடுக்கும், 5 வோல்ட் வேண்டுமானால் மதர்போர்டே அதை உருவாக்கிக்கொள்ளும், ஹார்ட் டிஸ்க்குக்கும் மதர்போர்டிலிருந்தே ஒரு சின்ன ஒயர் போகும். யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். இன்டெல்லே இதே எண்ணத்தில் 10 பின் பிளக்கோடு ஏடிஎக்ஸ்12விஓ என்று ஒரு பொது முறை கொண்டுவந்தது. நமக்குத் தொல்லை என்னவென்றால், எந்தப் பின்னில் எது என்பதை ஆளுக்கொரு விதமாக வைத்திருக்கிறார்கள்.

24 பின்னை இந்தப் பிளக்குகளுக்கு மாற்றும் அடாப்டர் கேபிள் கிடைக்கிறது, பலருக்கு வேலையும் செய்கிறது. ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் மாடலின் பெயருக்கே ஆன அடாப்டரா என்று பாருங்கள். பின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறது என்பது மட்டும் போதாது, ஏனென்றால் சில மாடல்களில் ஸ்டாண்ட்பை மின்சாரமே 5 வோல்ட்டுக்குப் பதிலாக 11, 12 வோல்ட் பக்கம் இருக்கும், அதற்கு அடாப்டருக்குள் வோல்டேஜை ஏற்றும் சின்ன சர்க்கியூட் இருந்தாக வேண்டும். என்னைக் கேட்டால், பழைய யூனிட்டின் லேபிளில் இருக்கிற பார்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு அதே நம்பரைத் தேடுவதுதான் நிம்மதி. அதிலும் மோசமான ஒரு கதை உண்டு: 1990-களின் கடைசியில் டெல் விற்ற சில டெஸ்க்டாப்களில் பிளக் பார்ப்பதற்கு அச்சு அசல் ஏடிஎக்ஸ், கச்சிதமாக மாட்டவும் மாட்டும், உள்ளே ஒயர் வரிசை மட்டும் வேறு. சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி ஸ்விட்சைப் போட்டவர்கள் மதர்போர்டுக்கு விடைகொடுத்தார்கள்.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரியில் படிக்கிறேன். ஐ5 12400 புராசஸர், 450 வாட் எஸ்எம்பிஎஸ் வைத்திருக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு போடலாம் என்று ஆசை. அதற்கு 550 வாட் வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் அவ்வளவு வரவில்லையே?

பதில்: தம்பி, கணக்கை நீங்களே போட்டுப் பார்த்ததற்கே ஒரு சபாஷ். சேர்ந்து போடுவோம். அந்தக் கார்டு 170 வாட். புராசஸர் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும், அதை நம்ப வேண்டாம், முழு வேகத்தில் ஓடும்போது அதற்கு இன்டெல்லே கொடுத்திருக்கிற உச்சம் 117 வாட். (இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டியின் புராசஸர்களிலும் இதே கதைதான், 65 வாட் என்று பெயர் வைத்தது 88 வரை போகும், 105 என்று பெயர் வைத்தது 142 வரை. இன்டெல்லின் 13900கே 125 என்று சொல்லிக்கொண்டு 253 வரை எடுக்கும்.) மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக ஒரு 50 வையுங்கள். ஆக 337. சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் ஓடும்போது பத்து வாட்டுக்குள், ஆனால் ஸ்விட்ச் போட்டதும் தட்டு சுழல ஆரம்பிக்கிற சில நொடிகளுக்கு இருபது இருபத்தைந்து கேட்கும்.

அப்புறம் ஏன் 550 என்கிறார்கள்? இரண்டு காரணம். ஒன்று, மேலே சொன்ன மாதிரி லேபிளில் மட்டும் பெரிய எண் போட்ட யூனிட்டை ஒருவர் வைத்திருந்தாலும் கார்டு ஓட வேண்டுமே என்கிற முன்ஜாக்கிரதை. இரண்டாவதுதான் முக்கியம். கிராஃபிக்ஸ் கார்டு 170 வாட் எடுக்கிறது என்பது சராசரி. கேம் ஓடும்போது மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்துக்கு அது திடீரென்று அதைவிட மிக அதிகமாக இழுக்கும், உடனே இறங்கிவிடும். மீட்டரில் தெரியாது, எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு சர்க்கியூட்டுக்குத் தெரியும், ஓவர்லோடு என்று நினைத்து சட்டென்று அணைத்துக்கொள்ளும். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்த நாட்களில் நல்ல யூனிட் வைத்திருந்தவர்களே இதில் மாட்டிக்கொண்டார்கள். அதனால்தான் 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியில், பெரிய கார்டுகளுக்கான புது பிளக்கோடு வரும் யூனிட்டுகள் தன் அளவில் இருமடங்கு சுமையை 100 மைக்ரோ செகண்ட் தாங்க வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள்.

உங்கள் 450 நல்ல யூனிட்டாக, 12 வோல்ட்டில் 35 ஆம்பியருக்கு மேல் இருந்து, கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6+2 பின் பிசிஐ எக்ஸ்பிரஸ் பிளக்கும் அதோடு வந்திருந்தால் போட்டு ஓட்டுங்கள், நானாக இருந்தால் ஓட்டியிருப்பேன். புதிதாகத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 550 அல்லது 650 வாங்கிவிடுங்கள், அடுத்த கார்டுக்கும் ஆகும். ஆனால் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். 8 பின் பிளக் இல்லை என்று ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற சாட்டா பிளக்கிலிருந்து மாற்றித் தருகிற கேபிளை வாங்கி மாட்டாதீர்கள். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு இருப்பது மூன்று மெல்லிய பின், ஒன்றுக்கு ஒன்றரை ஆம்பியர், மொத்தம் 54 வாட். ஆனால் 6 பின் பிளக் என்றால் 75 வாட் கிடைக்கும், 8 பின் என்றால் 150 கிடைக்கும் என்று கார்டு நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உருகப்போவது பிளாஸ்டிக்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு விதமான 8 பின் பிளக் வருகிறது. ஒன்று புராசஸருக்கு, ஒன்று கிராஃபிக்ஸ் கார்டுக்கு என்கிறார்கள். மாற்றி மாட்டினால் என்ன ஆகும்?

பதில்: புகை. புராசஸர் பிளக்கில் ஒரு வரிசை நாலும் 12 வோல்ட், எதிர் வரிசை நாலும் எர்த். கிராஃபிக்ஸ் பிளக்கில் மூன்றுதான் 12 வோல்ட், மீதி ஐந்தும் எர்த், அதுவும் பக்கம் மாறி. மாற்றி மாட்டினால் நேரடி ஷார்ட். அதனால்தான் பின்களின் ஓரங்களைச் சிலது சதுரமாகவும் சிலது முனை மழுங்கியும் செய்து வைத்திருக்கிறார்கள், சரியான இடத்தில்தான் லேசாக உட்காரும். இருந்தாலும் பலம் போட்டு அழுத்தினால் எதையும் எதிலும் நுழைத்துவிடலாம், அந்தத் திறமை நம்மிடம் உண்டு. பார்த்ததும் கண்டுபிடிக்க: நாலும் நாலுமாகப் பிரிந்தால் புராசஸருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிந்தால் கார்டுக்கு. மதர்போர்டில் 8 பின் இடம் இருந்து உங்கள் யூனிட்டில் 4 பின் மட்டும் இருந்தால், சாதாரண 65 வாட் வகைப் புராசஸர் பெரும்பாலும் அதிலேயே ஓடிவிடும். பெரிய புராசஸருக்கு அப்படிச் செய்ய வேண்டாம்.

கேள்வி: மாட்யுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற வகை) வாங்கியிருக்கிறேன், பழையதும் மாட்யுலர்தான். கேபினட்டுக்குள் பழைய கேபிள்களை அழகாகக் கட்டி வைத்திருக்கிறேன், அவற்றைக் கழற்றாமல் யூனிட்டை மட்டும் மாற்றிவிடலாமா?

பதில்: இதற்கு நான் கட்டணம் கட்டியே பாடம் படித்திருக்கிறேன். நீங்கள் நினைத்த அதே யோசனை, அதே சோம்பேறித்தனம். பழைய யூனிட்டும் புதுசும் ஒரே கம்பெனி, பிளக் அதே மாதிரி, டிக் என்று சத்தத்தோடு மாட்டியது. ஸ்விட்சைப் போட்டேன், ஒரு சின்ன வாசனை. அவ்வளவுதான், இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் போயிற்று, அதில் ஒன்று மற்றதன் பேக்கப். பேக்கப்பையும் அதே பெட்டிக்குள் வைத்திருந்த என் புத்திசாலித்தனத்தைப் பற்றி இன்னொரு இதழில் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். கேபிளின் ஒரு முனை மதர்போர்டிலோ டிஸ்க்கிலோ மாட்டுகிறது, தனி வழியில் போன பிராண்டட் மாடல்களை விட்டுவிட்டால், அந்த முனைக்கு உலகம் முழுக்க ஒரே விதி. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு எந்த விதியும் கிடையாது, எந்தத் துளையில் 12 வோல்ட், எந்தத் துளையில் 5 வோல்ட் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் இஷ்டப்படி வைத்துக்கொள்ளும், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். என் விஷயத்தில் 5 வோல்ட் போக வேண்டிய ஒயரில் 12 வோல்ட் போயிருக்கிறது. ஆகவே யூனிட்டோடு வந்த கேபிள் அந்த யூனிட்டுக்கு மட்டுமே. அழகாகக் கட்டியிருப்பதை எல்லாம் வெட்டி எடுங்கள், கழற்றிய கேபிள்களைப் பழைய யூனிட்டோடு சேர்த்தே கட்டி அப்புறப்படுத்துங்கள். தனியாக ஒரு பையில் போட்டு வைத்தால் இரண்டு வருஷம் கழித்து அது எந்த யூனிட்டுடையது என்று உங்களுக்கே தெரியாது.

கேள்வி: ஸ்விட்சை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. எஸ்எம்பிஎஸ்தான் போய்விட்டது என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது? புதுசு வாங்கியபின் மதர்போர்டுதான் பழுது என்றால் வருத்தமாக இருக்கும்.

பதில்: இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். முதலில் சுவரிலிருந்து வரும் கேபிளை மாற்றிப் பாருங்கள், யூனிட்டின் பின்னால் இருக்கும் சின்ன ஸ்விட்ச் தவறிப்போய் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகவே புது யூனிட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கேபினட்டின் முன்பக்க பட்டனும் பழுதாகும். மதர்போர்டில் அந்தப் பட்டனின் ஒயர் மாட்டியிருக்கும் இரண்டு பின்னை ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது என்றால் பட்டன்தான் குற்றவாளி.

அப்புறம் பேப்பர் கிளிப் சோதனை. பிளக் எல்லாவற்றையும் மதர்போர்டிலிருந்தும் மற்றவற்றிலிருந்தும் கழற்றிவிட்டு, சுவர் இணைப்பையும் எடுத்துவிட்டு, 24 பின் பிளக்கில் பச்சை ஒயர் இருக்கிற துளையையும் பக்கத்தில் இருக்கும் ஒரு கறுப்பு ஒயர் துளையையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். அதற்குப் பிறகுதான் சுவரில் சொருகி ஸ்விட்ச். பச்சை ஒயரை எர்த்தோடு சேர்ப்பதுதான் "எழுந்திரு" என்பதற்கான கட்டளை, மதர்போர்டும் தினமும் அதைத்தான் செய்கிறது. ஃபேன் சுழன்றால் யூனிட்டுக்கு உயிர் இருக்கிறது. சுமை குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தி வைக்கும் வகை யூனிட் என்றால் சுழலாது, அதை வைத்து இறந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஒயர் எல்லாமே கறுப்பாக இருந்தால் குத்துமதிப்பாக எண்ணி கிளிப்பைச் செருகாமல், அந்த மாடலில் எந்தப் பின் எது என்று காட்டும் படத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47. இதற்கு வெளியே போனால் யூனிட் கழிக்க வேண்டியது. ஊதா நிற ஒயரில் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்க வேண்டும், அதுவே இல்லை என்றால் பட்டனை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. சாம்பல் நிற ஒயர் எல்லா வோல்டேஜும் சரி என்று யூனிட் மதர்போர்டுக்குச் சொல்கிற சேதி, எழுந்து அரை நொடிக்குள் 5 வோல்ட் பக்கம் வந்துவிட வேண்டும்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. சும்மா இருக்கும்போது 12.1 காட்டுகிற யூனிட், கேம் ஆரம்பித்ததும் 11-க்கு விழலாம். கனமான வேலை செய்யும்போது மட்டும் அணைந்து அணைந்து எழுந்தால் பேப்பர் கிளிப் உங்களுக்கு உதவாது. நண்பர் ஒருவரின் நல்ல யூனிட்டை ஒரு நாள் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே அங்கே சரியான சோதனை. மாட்யுலர் என்றால் அதன் கேபிள்களோடு வாங்குங்கள்!

கேள்வி: பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு, பிளாட்டினம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களே, கோல்டு வாங்கினால்தான் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பா?

பதில்: அது பாதுகாப்புக்கான முத்திரை கிடையாது. 2004-இல் தொடங்கிய 80 ப்ளஸ் என்கிற திட்டம், சுவரிலிருந்து எடுக்கிற மின்சாரத்தில் எத்தனை சதவீதம் உள்ளே போய்ச் சேருகிறது என்பதைத்தான் முக்கியமாக அளக்கிறது. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையில் பிரான்ஸுக்கு 85, கோல்டுக்கு 90, பிளாட்டினத்துக்கு 92, டைட்டானியத்துக்கு 94. மீதி சூடாகப் போகிறது. கம்ப்யூட்டருக்கு 100 வாட் தேவை என்றால் 80 சதவீத யூனிட் சுவரிலிருந்து 125 எடுக்கும், 90 சதவீத யூனிட் 111. தினமும் எட்டு மணி நேரம் ஓட்டினாலும் ஒரு நாளைக்கு வித்தியாசம் மின்கட்டணக் கணக்கில் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். கோல்டு வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. அவ்வளவு திறமையான யூனிட் செய்யக் கொஞ்சம் நல்ல பாகங்கள் தேவை என்பதால் அவை சராசரியாக நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஓவர்லோடு, ஓவர்வோல்டேஜ், ஷார்ட் சர்க்கியூட் பாதுகாப்பெல்லாம் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள், உத்தரவாதம் எத்தனை வருஷம் என்றும் பாருங்கள். தன் பொருளை நம்புகிறவர்தான் அதிக வருஷம் கொடுப்பார்.

கேள்வி: பழைய யூனிட்டின் பின்னால் 115, 230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச். எதில் வைப்பது?

பதில்: உங்கள் வீட்டுச் சுவரில் என்ன வருகிறதோ அதில். 230 வருகிற இடத்தில் 115-இல் வைத்துப் போட்டால் படார் என்று ஒரு சத்தம் கேட்கும், அதற்குப் பிறகு ஸ்விட்சை எதில் வைத்தாலும் ஒன்றுதான். புது யூனிட்டுகளில் பெரும்பாலும் இந்த ஸ்விட்ச் கிடையாது, இரண்டையும் தானே ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: அத்லான் எக்ஸ்பி புராசஸர் போட்ட பழைய கம்ப்யூட்டரை ஞாபகத்துக்காக வைத்திருக்கிறேன். மதர்போர்டில் 20 பின் பிளக். புது எஸ்எம்பிஎஸ் ஒத்துப்போகுமா?

பதில்: மாட்டுவது எளிது. 2003 வாக்கில்தான் பெரிய பிளக் 20-லிருந்து 24 பின்னுக்குப் போனது, பல யூனிட்டுகளில் அந்தக் கூடுதல் நாலைக் கழற்றிவிடலாம். கழலாவிட்டாலும் பக்கத்தில் இடம் இருந்தால் நாலு பின் வெளியே தொங்கிக்கொண்டிருக்கட்டும், ஒன்றும் ஆகாது. உங்கள் சிக்கல் வேறு இடத்தில். அந்தக் காலத்து அத்லான் எக்ஸ்பி மதர்போர்டுகள் பலவும் புராசஸருக்கான மின்சாரத்தை 5 வோல்ட்டிலிருந்து எடுத்துக்கொண்டன. புராசஸர் பக்கத்தில் தனியாக 4 பின் பிளக்குக்கு இடம் இல்லாவிட்டால் உங்களுடையதும் அந்த ரகம்தான். புது யூனிட்டுகளோ எல்லாவற்றையும் 12 வோல்ட்டில் குவித்துவிட்டு 5-க்கும் 3.3-க்கும் சேர்த்தே 100, 120 வாட் தான் வைக்கின்றன. 850 வாட் யூனிட் வாங்கினாலும் உங்களுக்கு அந்த நூறு சொச்சம்தான் கிடைக்கும். லேபிளில் 5 வோல்ட்டுக்கு 25, 30 ஆம்பியர் இருக்கிறதைத் தேடுங்கள். சற்று முன் ஒரு வாசகருக்கு வேண்டாம் என்று சொன்ன அதே மாதிரி லேபிள்! பெயர் தெரிந்த நிறுவனத்தின் பழைய டிசைனாகக் கிடைத்தால் உங்களுக்கு அதுதான் பொருத்தம்.

கேள்வி: புது எஸ்எம்பிஎஸ் போட்டதிலிருந்து கரன்ட் போனால் யுபிஎஸ் கத்திவிட்டு கம்ப்யூட்டரும் அணைந்துவிடுகிறது. பழைய யூனிட்டில் இப்படி இல்லை.

பதில்: புது யூனிட்டில் ஆக்டிவ் பிஎஃப்சி, அதாவது சுவரிலிருந்து கரன்டைச் சீராக எடுக்கிற சர்க்கியூட், இருக்கும். சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தருவது படிப்படியான அலை, சுவரில் வருகிற மாதிரி வழுவழுப்பான சைன் அலை இல்லை. சில யூனிட்டுகள் அதைப் பொறுத்துக்கொள்ளும், சில பொறுத்துக்கொள்ளாது. அதற்கு முன் யுபிஎஸ்ஸின் அளவைப் பாருங்கள்: 600 விஏ (வோல்ட் ஆம்பியர்) என்று பெரிதாக எழுதியிருந்தாலும் வாட் கணக்கில் அது 360 ஆக இருக்கலாம், பேட்டரியும் வயதாகியிருக்கலாம். கார்டும் புதிதாகப் போட்டிருந்தால் சுமையே கூடியிருக்கும். இதெல்லாம் சரியாக இருந்தும் அணைகிறது என்றால் சைன் அலை யுபிஎஸ்தான் வழி.

கேள்வி: போன யூனிட்டைத் திறந்து ஃபியூஸ் மாற்றினால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். எனக்குச் சால்டரிங் கொஞ்சம் தெரியும்.

பதில்: வேண்டாம். உள்ளே 400 வோல்ட் தாங்குகிற ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கிறது, சுவர் இணைப்பை எடுத்த பிறகும் அது 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்துக்கொண்டிருக்கலாம். ஃபியூஸ் பெரும்பாலும் தானாகப் போவதில்லை, அதற்குப் பின்னால் ஏதோ ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகித்தான் அது போயிருக்கும், புதுசு போட்டால் அதுவும் போகும். ஃபேன் மட்டும் சத்தம் போடுகிறது என்றால்கூட, இந்த வேலை தினமும் செய்கிறவரிடம் கொடுங்கள். உங்கள் நண்பருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால் அவர் யூனிட்டை அவர் திறக்கட்டும்.